யாருக்கு இல்லை

கணிப்பொறி காட்டும் பிழைச்செய்திகளில் பெரும்பாலானவை கேட்பவனைப் பற்றியவை. காற்புள்ளி விட்டுப்போயிற்று, அடைப்புக்குறி மூடப்படவில்லை, எண் வரவேண்டிய இடத்தில் எழுத்து வந்திருக்கிறது என்று எழுதியவனின் பிழையைச் சுட்டியதோடு அவை நின்றுகொள்ளும். ஆரக்கிள் தரவுத்தளத்தில் வேலை செய்கிறவர்கள் எண்ணைச் சொன்ன மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொள்ளும் 00942 மட்டும் அந்த வரம்பைத் தாண்டி, உலகத்தைப் பற்றியே ஒரு தீர்ப்பை வழங்கிவிடுகிறது. டேபிளோ வியூவோ இல்லை என்பது அதன் வாசகம். எஸ்க்யூஎல் பிளஸ் திரையில் அது தோன்றும் விதத்தைச் சற்று நிதானித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நாம் தட்டிய வரியை மறுபடியும் ஒரு தரம் அப்படியே காட்டி, டேபிளின் பெயர் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே ஒரே ஒரு நட்சத்திரக் குறியை நிறுத்தி, எத்தனையாவது வரியில் பிழை என்பதைச் சொல்லி, அதற்கும் கீழே எண்ணையும் வாசகத்தையும் வைக்கும். நட்சத்திரம் சுட்டுவது பெயரை. வாசகம் பேசுவது இருப்பைப் பற்றி. பெயருக்கும் இருப்புக்கும் நடுவே கிடக்கும் இந்தத் தூரம் கொஞ்ச காலமாகவே என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. எங்கே இல்லை, எந்த நிலையில் நின்று பார்க்கும்போது இல்லை, யார் கேட்டால் இல்லை என்ற உபகேள்விகளுக்கெல்லாம் அந்த வாசகத்தில் இடமே கிடையாது. அது பொதுவாக, நிர்விகாரமாக, இல்லை என்று சொல்லி முடித்துவிடுகிறது.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் இன்னொரு எண் 00903. அது செல்லாத டேபிள் பெயர் என்று சொல்வது. அதாவது, நீ உச்சரித்தது பெயரே அல்ல என்று சொல்வது. விற்பனை ஆர்டர்களை வைக்கும் டேபிளுக்கு ஆர்டர் என்றே பெயர் இருக்கும் என்று நம்பி ஒருவர் குவரி எழுதினால், அந்தச் சொல்லை வரிசைப்படுத்தும் கட்டளைக்காக மொழி முன்பே தனக்கென்று ஒதுக்கிக்கொண்டுவிட்டபடியால், இயந்திரம் தேடப் புறப்படுவதே இல்லை. ஆண்டை முன்னால் வைத்து 2024_சேல்ஸ் என்று எழுதினாலும் அதே கதிதான். மேற்கோள் குறிக்குள் அடங்காத பெயர் எண்ணில் தொடங்கலாகாது. டேபிளின் பெயரை ஒரு மாறியில் வைத்திருந்து, அந்த மாறி காலியாய் இருக்கும் வேளையில் நிரல் குவரியைக் கோத்துவிட்டால், ஃப்ரம் என்ற சொல்லுக்கும் வேர் என்ற சொல்லுக்கும் இடையே வெறுமை மட்டுமே மிஞ்சி, அப்போதும் இதே செய்தி வரும். பெயரையே பைண்ட் வேரியபிளாகக் கொடுக்க முயல்கிறவர்களுக்கும் இதுவே பதில், அதற்கான காரணம் எனக்கு எப்போதுமே மிகவும் பிடித்திருக்கிறது. குவரியைப் பகுத்துப் பார்த்து, எந்த டேபிளைத் தொடுவது என்று தீர்மானிக்கும் காரியம், மதிப்புகள் வந்து சேருவதற்கு முன்பே முடிந்தாகவேண்டும்; எந்த ஊழியரின் சம்பளம் வேண்டும் என்பதைப் பின்னால் சொல்லிக்கொள்ளலாம், எந்த டேபிளில் பார்க்கவேண்டும் என்பதைப் பின்னால் சொல்லமுடியாது. பெயர் வேறு, மதிப்பு வேறு என்ற அந்தப் பாகுபாட்டில் ஒரு கறார் இருக்கிறது. ஆகவே 00903 எனக்குச் சங்கடம் தருவதில்லை. இலக்கணம் மீறப்பட்டது, இலக்கணம் அதைச் சொல்லிற்று. இருப்பைப் பற்றி அது வாயே திறக்கவில்லை.

இலக்கணத்தைத் தாண்டி வந்த பெயருக்குக்கூட உடனே பொருள் கிடைத்துவிடும் என்று எண்ணிவிடலாகாது. வேறொரு தரவுத்தளத்திலிருந்து டேபிள்களைக் கொண்டுவரும் கருவிகள், பெரியதும் சிறியதுமாய்க் கலந்த ஆங்கில எழுத்துகளை இரட்டை மேற்கோள் குறிக்குள் வைத்துப் பெயரிட்டுவிட்டுப் போய்விடுவது வழக்கம். அதன் பிறகு மேற்கோள் இன்றி அதே பெயரைக் கேட்கிறவனுக்காக ஆரக்கிள் எல்லா எழுத்துகளையும் பெரிய எழுத்தாக்கிக்கொண்டு தேடும். கண்ணுக்கு நேரே பட்டியலில் இருக்கும் டேபிளை இல்லை என்று சொல்லும். போஸ்ட்கிரஸ் இதற்கு நேர்மாறாகச் சிறிய எழுத்தாக்கித் தேடும். மைஎஸ்க்யூஎல், டேபிள்களை வட்டில் கோப்புகளாய் வைக்கும் பழக்கத்தினால், லினக்ஸில் எழுத்து வித்தியாசம் பார்க்கும், விண்டோஸில் பார்க்காது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லாத லிபியில் படித்து வளர்ந்தவர்களுக்கு இது முதலில் வீண் சடங்காகத்தான் தோன்றும். எனினும் இங்கேயும் இயந்திரத்தின் பேரில் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது தேடிய பெயர் உண்மையாகவே அங்கே இல்லை, நாம் தேடச் சொன்னதாக நினைத்துக்கொண்ட பெயர்தான் இருந்தது.

என் உறுத்தல் தொடங்குவது இதற்கு அப்பால். ஒரு ஸ்தாபனத்தின் கணக்குப் பிரிவில் மாதக் கடைசியில், அறிக்கை தயார் செய்துகொண்டிருந்த ஓர் இளம் பெண் எழுந்து, தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் டிபிஏவின் மேஜைக்குப் போனாள்.

“சார், டேபிள் இல்லேன்னு வருது. யாராவது டிராப் பண்ணிட்டாங்களா?”

“இருக்கேம்மா. எனக்கு ரோ கவுன்ட்கூட வருதே.”

“எனக்கு இல்லேங்குதே சார்.”

“உனக்கு கிராண்ட் குடுக்கலை. அதான் இல்லை.”

அவர் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, ஒரு வரி தட்டி அனுமதி கொடுத்தார். அவள் திரும்பி வந்து அதே குவரியை ஓர் எழுத்தும் மாற்றாமல் ஓட்டினாள். லட்சக்கணக்கான வரிகள் இருக்கும் டேபிள், சற்று முன்பு வரை இல்லாதிருந்த டேபிள், இருந்தது. இதில் வியப்படைய ஒன்றுமில்லை என்று அந்தத் தொழிலில் இருப்பவர் எவரும் சொல்வார். படிக்க அதிகாரம் இல்லாதவனுக்கும், இல்லாத பெயரைக் கேட்டவனுக்கும் ஆரக்கிள் தரும் பதில் ஒன்றே என்பது பாலபாடம். நான் யோசித்துக்கொண்டிருந்ததோ அவள் முதலில் கேட்ட கேள்வியைப் பற்றி. யாராவது டிராப் பண்ணிவிட்டார்களா என்றுதான் அவள் கேட்டாள். எனக்கு அனுமதி இல்லையா என்று கேட்கவில்லை. வாசகம் அவளை அந்தத் திசையில்தான் அனுப்பியிருந்தது.

சந்தேகப்பட்டு மேலே விசாரிக்கிறவனுக்கும் இந்தச் சுவரிலிருந்து எளிதில் விடுதலை கிடைப்பதில்லை. தரவுத்தளம் தன்னுள் இருப்பவற்றுக்குத் தானே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதைப் பார்க்கும் வாயில்கள் மூன்று. யூசர்_டேபிள்ஸ் என்பது என் சொந்த டேபிள்களைக் காட்டும். டிபிஏ_டேபிள்ஸ் என்பது அனைத்தையும் காட்டும். நடுவில் உள்ள ஆல்_டேபிள்ஸ் என்பதோ, பெயர் என்னவோ அனைத்தும் என்று இருந்தாலும், நான் தொட அனுமதி பெற்றவற்றை மட்டுமே காட்டும். இல்லை என்று சொல்லப்பட்ட டேபிளை அங்கே தேடினால் பட்டியலும் இல்லை என்றே சாட்சி சொல்லும், ஏனென்றால் அதுவும் அதே கண்ணால்தான் பார்க்கிறது. சரி, முழுப் பட்டியலையே பார்த்துவிடுவோம் என்று சாதாரணப் பயனாளர் டிபிஏ_டேபிள்ஸைக் கேட்டால், அதற்கும் வரும் பதில் 00942: மறைக்கப்பட்டவற்றின் பட்டியல் என்று ஒன்று இருப்பதே அவனுக்கு இல்லை. இன்னும் சூட்சுமமான நிலை ஒன்றும் உண்டு. அனுமதியை நேரடியாக அன்றி ரோல் என்ற அதிகாரத் தொகுப்பின் மூலமாகப் பெற்ற பயனாளர், குவரியைத் திரையில் தட்டினால் டேபிள் இருக்கிறது. அதே குவரியைத் தன் பெயரிலேயே ஒரு ஸ்டோர்டு புரொசீஜருக்குள் எழுதித் தொகுத்தால் டேபிள் இல்லை. சாதாரணமாக எழுதப்படும் புரொசீஜர்கள் அவற்றை உண்டாக்கியவரின் உரிமையில் ஓடுபவை; அவற்றுக்குள் ரோல்கள் செல்லுபடியாவதில்லை. ரோல் என்பது ஒரு செஷனில் போட்டுக்கொள்ளவும் கழற்றவும் கூடியதாகையால், நிலையாக நிற்கவேண்டிய நிரலை அதன்மேல் கட்டலாகாது என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம்; நல்ல நியாயந்தான். ஆனால் மனிதர் ஒருவர், டேபிள் ஒன்று, குவரி ஒன்று, நேரமும் ஒன்று. உண்டு என்பதும் இல்லை என்பதும் இரண்டும் வருகின்றன. நின்ற இடம் மாத்திரம் வேறு.

இந்தச் சிக்கலைக் கணிப்பொறிக்காரர்கள்தாம் முதன்முதலில் கண்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. இன்மையை நாம் எப்படி அறிகிறோம் என்பது நம் தர்க்க சாஸ்திரங்களில் மிக நீண்ட விவாதத்துக்கு உட்பட்ட விஷயம். நையாயிகர்கள் இன்மையும் பிரத்தியட்சத்தால் அறியப்படுவதே என்றார்கள். குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர்கள், காணாமையே ஒரு தனிப் பிரமாணம் என்று கொண்டு அதற்கு அநுபலப்தி என்று பெயரிட்டார்கள். மணிமேகலை வஞ்சி மாநகரில் சமயவாதிகளிடம் பாடம் கேட்கும் இடத்தில் அளவைவாதி அடுக்கும் பத்து அளவைகளிலும் அபாவம் இடம்பெறுகிறது. அந்த விவாதத்தில் எனக்கு அருமையாய்த் தோன்றுவது, காணாமை பிரமாணமாவதற்கு அவர்கள் விதித்த நிபந்தனை. வெறுந்தரையில் குடம் இல்லை என்று நான் சொல்லலாம். ஏனென்றால் வெளிச்சம் இருக்கிறது, கண் திறந்திருக்கிறது, குடம் அங்கே இருந்திருந்தால் என் பார்வைக்குத் தப்பியிராது. இருட்டறையில் குடத்தைக் காணாதவன் குடம் இல்லை என்று சொல்லும் யோக்கியதையை அடைவதில்லை; காணவில்லை என்று மட்டுமே அவன் சொல்லலாம். இருந்தால் கண்டிருப்பேன் என்ற உறுதி எவனுக்கு உண்டோ, அவனுடைய காணாமைதான் இன்மைக்குச் சான்று. 00942 இந்த இரண்டையும் ஒரே வாசகத்தில் போட்டுக் கட்டிவிட்டது. முழு அதிகாரமுள்ள டிபிஏவுக்கு அது தோன்றினால் வெளிச்சத்தில் சொல்லப்பட்ட சொல். கணக்குப் பிரிவுப் பெண்ணுக்குத் தோன்றினால் இருட்டில் சொல்லப்பட்டது. எழுத்துகள் ஒன்றே, கேட்கிறவர் எந்த அறையில் இருக்கிறார் என்பதை அவரேதான் தெரிந்துகொள்ளவேண்டும்.

மறைப்பதற்கு வலுவான காரணம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. இல்லாததற்கு ஒரு பதிலும் மறைத்ததற்கு இன்னொரு பதிலும் சொல்லும் தரவுத்தளத்தில், எந்த அதிகாரமும் இல்லாத ஒருவன் பெயர்களை ஒவ்வொன்றாய்ச் சொல்லிப் பார்த்தே உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று வரைபடம் போட்டுவிடலாம். சம்பளக் குறைப்புக்கென்றோ வழக்குக்கென்றோ ஒரு டேபிள் இருப்பது தெரிவதே சில இடங்களில் பாதி ரகசியம் வெளிப்பட்டதற்குச் சமம். ஆரக்கிளின் உட்கருத்து இதுதான் என்பது இன்னொரு நடத்தையால் புலனாகும்: நெடுங்காலம் வழங்கிவந்த பதிப்புகளில், ஒரு டேபிளைப் படிக்கும் அனுமதி உள்ளவன் அதில் வரிகளை அழிக்க முயன்றால், அவனுக்கு வந்த செய்தி 01031, போதிய அதிகாரம் இல்லை என்பது. அந்த டேபிள் இருப்பது அவனுக்கு முன்பே தெரியும். அவனிடம் மறைத்துப் பயனில்லை. ஆகவே உண்மையைச் சொல்லிவிடுகிறது. போஸ்ட்கிரஸ் அனுமதி மறுக்கப்பட்டது என்று பெரும்பாலும் நேராகவே ஒப்புக்கொண்டு, இருப்பு வெளிப்படுவதைப் பொருட்படுத்தாமல் விடுகிறது. மைஎஸ்க்யூஎல் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து, உரிமை இல்லாதவன் இல்லாத டேபிளைக் கேட்டாலும் அனுமதி இல்லை என்றே சொல்கிறது. அதுவும் மறைப்புத்தான், ஆனால் இல்லாததை இருப்பதுபோல் எண்ணவைக்கும் மறைப்பு. இவற்றுள் என் மனத்துக்கு ஒவ்வியதாய் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், எஸ்க்யூஎல் சர்வரில் டேபிளின் அமைப்பை மாற்ற முயலும்போதும் அதைக் காலி செய்ய முயலும்போதும் வரும் வாசகத்தைத்தான் எடுப்பேன்: அந்தப் பொருளைக் காணமுடியவில்லை, ஏனென்றால் அது இல்லை அல்லது உனக்கு அனுமதி இல்லை. ஒரு ரகசியமும் வெளிப்படவில்லை, ஒரு பொய்யும் சொல்லப்படவில்லை. அந்த அல்லது இருக்கிறதே, அதில்தான் முழு நேர்மையும் அடங்கியிருக்கிறது. ஆரக்கிளின் பழைய கையேட்டிலும் 00942க்கு எழுதிய விளக்கத்தின் நடுவே, டேபிளை அணுகச் சில அதிகாரங்கள் தேவைப்படலாம் என்ற குறிப்பு உண்டு; ஆனால் வேலை நடக்கும்போது கண்ணில் படுவது கையேடு அல்ல, திரை.

பெரிய ஸ்தாபனங்களுக்கான மென்பொருள்களில் இந்த இருப்பு என்பது அதிகாரத்தை மட்டுமன்றி, எந்த மாடியில் நிற்கிறோம் என்பதையும் பொறுத்தது. பீப்பிள்சாஃப்டில் ஜாப் என்று அறியப்படும் ரெக்கார்டு தரவுத்தளத்தில் பிஎஸ்_ஜாப் என்ற டேபிளாய் உட்கார்ந்திருக்கும். முன்னொட்டை அறியாதவன் கீழே இறங்கித் தேடினால் ஏமாந்துபோவான். எஸ்ஏபியின் கதை இன்னும் ஆழமானது. கணக்கு ஆவணங்களின் ஒவ்வொரு வரியும் தங்கும் பிசெக் என்ற டேபிளை அந்த மென்பொருளோடு பழகிய கணக்காளர் எவரும் அறிவார். ஆயினும் நெடுங்காலம் அது கிளஸ்டர் வகை டேபிளாய் இருந்தபடியால், அப்பெயரில் தரவுத்தளத்தில் எதுவுமே கிடையாது. அதன் வரிகள் வேறு சிலவற்றோடு சேர்த்துச் சுருக்கப்பட்டு ஆர்எஃப்பிஎல்ஜி என்ற பெயருள்ள ஒன்றில் அடைபட்டுக் கிடந்தன. எஸ்ஏபியின் சொந்த மொழியில் கேட்டால் பிசெக் உண்டு, தரவுத்தளத்தை நேராகக் கேட்டால் இல்லை. 2015இல் வெளிவந்த எஸ்/4 ஹானாவில் அது நிஜமான டேபிளாகிவிட்டது. அதே மாற்றத்தில், தீராத கணக்குகளுக்கும் தீர்ந்தவற்றுக்கும் துணையாக நின்ற சில டேபிள்கள் மறைந்து, தம் பழைய பெயர்களிலேயே வியூக்களாய்த் தொடர்கின்றன. 1970இல் எட்கர் காட், இவ்வகைத் தரவுத்தளங்களுக்கு அடிப்படையிட்ட தம் புகழ்பெற்ற கட்டுரையை எழுதியபோதே, தரவு இயந்திரத்துக்குள் எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பயனாளர் அறியவேண்டிய நிர்ப்பந்தத்திலிருந்து அவரைக் காக்கவேண்டும் என்பதைத்தான் நோக்கமாய்க் கொண்டு தொடங்கினார். அந்த வகையில் மறைப்பு என்பது இந்த மரபின் அஸ்திவாரத்திலேயே இருக்கிறது. டேபிள் என்று நாம் சொல்வதே நமக்குக் காட்டப்படும் ஒரு தோற்றம். அதைப் பற்றி எனக்கு மனஸ்தாபம் இல்லை. தோற்றம் காட்டுகிறவர் தோற்றமின்மையைப் பற்றியும் அதே ஜாக்கிரதையோடு பேசவேண்டும் என்பதுதான் என் விண்ணப்பம்.

ஏனெனில் இல்லை என்ற சொல் பிறந்த இடத்தில் தங்குவதில்லை. டேபிள் கிடைக்கவில்லையென்றால் நிரல் நின்றுவிட வேண்டும். அப்படி நின்றால் நல்லது, யாரேனும் வந்து பார்ப்பார்கள். ஆனால் ஆரக்கிளின் நிரல்மொழியான பிஎல்/எஸ்க்யூஎல்லில் எழுதுகிறவர்களிடையே வெகுநாளாய் ஊறிப்போன ஒரு வழக்கம், எந்தப் பிழை வந்தாலும் சும்மா இரு என்று பொருள்படும் வென் அதர்ஸ் தென் நல் என்ற ஒரு வரியைக் கடைசியில் எழுதிவிடுவது. குவரியை ஓடும்போதே கோத்து எடுக்கும் நிரல்களில் அந்த ஒரு வரி 00942ஐயும் விழுங்கிவிடும். தொகையை வைக்கவேண்டிய மாறி ஆரம்பத்தில் இட்ட பூஜ்யத்தோடே நின்றுவிடும். பூஜ்யம் அறிக்கைக்குப் போய், அங்கிருந்து ஒருவருடைய நிலுவைத் தொகையாகவோ விடுப்புக் கணக்காகவோ அச்சாகி, கவுன்டருக்கு இந்தப் பக்கம் நிற்கும் மனிதரிடம் உங்கள் பேரில் ஒன்றுமில்லை என்ற சொல்லாக வந்து சேரும். பார்க்க அனுமதி இல்லை என்று தொடங்கியது டேபிள் இல்லை என்றாகி, வரி இல்லை என்றாகி, தொகை இல்லை என்றாகி, கடைசியில் உரிமை இல்லை என்று முடிகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு அல்லது உதிர்ந்துபோயிருக்கிறது. கவுன்டரில் இருப்பவர் பொய் சொல்லவில்லை. அறிக்கையும் பொய் சொல்லவில்லை. இருட்டில் சொன்ன சொல்லை வெளிச்சத்தில் சொன்னதாக ஏற்றுக்கொண்டார்கள், அவ்வளவே. அதன் பலனை அனுபவிக்கிறவரோ தரவுத்தளம் என்ற சொல்லையே கேள்விப்படாதவராய் இருக்கக்கூடும்.

2024இல் வெளியான ஆரக்கிள் 23ஏஐ பதிப்பில் 00942 கொஞ்சம் வாய்திறந்து பேசுகிறது. தான் தேடிய டேபிளின் பெயரையும் அது யாருடைய ஸ்கீமாவில் தேடப்பட்டது என்பதையும் வாசகத்துக்குள்ளேயே சொல்லிவிடுகிறது. எழுத்து மாறிய பெயர்களும், ஸ்கீமா தவறிய குவரிகளும் இனிமேல் பார்த்த மாத்திரத்தில் பிடிபடும். பெயரின் பக்கத்துக் குழப்பம் அநேகமாகத் தீர்ந்தது. கேட்டவர் யார் என்ற பக்கம் பழையபடியே இருக்கிறது, அதை எங்களைப் போன்றவர்கள்தாம் நிரலில் எழுதிச் சேர்த்துக்கொள்ளவேண்டும். 00942 வந்தால் விழுங்காமல் தனியே பிடித்துப் பயனாளர் பெயரோடு பதிவு செய்வதும், அப்படி வந்த இடத்தில் பூஜ்யத்தை அச்சிடாமல் பார்க்க இயலவில்லை என்று அச்சிடுவதும் செய்யமுடியாத அளவுக்குக் கஷ்டமான காரியங்கள் அல்ல. நான் உடனிருந்து பார்க்கும் ஓர் அறிக்கையில் இதைக் கேட்டபோது, தொகைக்கென்று உள்ள கட்டத்தில் எண் அல்லாத எதையும் வைக்க வழியில்லை என்று படிவத்தை வகுத்தவர்கள் சொன்னார்கள். எந்தப் பயனாளரின் பெயரில் அந்த அறிக்கை ஓடிற்று என்பதை ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அச்சிடுவதற்கு மட்டும் இப்போதைக்குச் சம்மதம் கிடைத்திருக்கிறது.